இரண்டாவது கடை வேண்டும்: கொல்லிமலை அடுப்படிகளின் கோரிக்கைச் சாசனம்

நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், கூட்டுறவு, உணவு வழங்கல், பழங்குடியினர் நலம், தொழிலாளர், போக்குவரத்துத் துறை அதிகாரிகளுக்கும், எங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும், மலைமேலும் மலையடியிலும் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும்: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு என்று தொடங்கி இந்த மலையின் பதினான்கு நாட்டு ஊராட்சிகளிலும் மாதச் சாமான் பட்டியல் போடுகிற பெண்கள் எழுதுவது.

வருமானம் சுருங்கினால் செலவைச் சுருக்கு, நாலு கடை ஏறி இறங்கி விலை விசாரித்து வாங்கு என்று யாரும் சொல்லிவிடலாம். யோசனையில் தப்பில்லை. ராசிபுரத்திலோ நாமக்கல்லிலோ இருப்பவர் ஒரே தெருவில் நாலு கடை பார்த்துவிடுவார். எங்களில் பலருடைய ஊரில் இருப்பது ஒரு கடை. இன்னொரு கடை வேண்டுமானால் செம்மேட்டுக்கோ சோளக்காட்டுக்கோ வர வேண்டும். அங்கேயும் கட்டுப்படியாகவில்லை என்றால் காரவள்ளிப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேந்தமங்கலம் போக வேண்டும்.

இறங்கினால் என்ன மிஞ்சும்? மலையடியில் பருப்பு கிலோவுக்கு 15 ரூபாயும், எண்ணெய் லிட்டருக்கு 10 ரூபாயும் குறைவு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிலோ பருப்பும் மூன்று லிட்டர் எண்ணெயும் வாங்கும் வீட்டுக்கு மிச்சம் 60 ரூபாய். போகவர ஒரு பகல் முழுக்க ஓடிவிடும். 2025-26க்கு நூறு நாள் வேலைக்கு அறிவித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். பஸ் சார்ஜை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அறுபதை மிச்சம் பிடிக்க முன்னூற்றுச் சொச்சத்தை இழக்க வேண்டியிருக்கிறது. ஒரே கடையில் கேட்ட விலைக்கு நாங்கள் வாங்குவது விவரம் தெரியாததால் என்று நினைப்பவர்கள், இந்தக் கணக்கை ஒருதரம் போட்டுப் பார்க்க வேண்டும்.

எனவே இந்தச் சாசனம் சிக்கனப் பாடம் கேட்டு வரவில்லை. இரண்டாவது கடையை, அது முடியாத இடத்தில் இரண்டாவது விலையையாவது, மலைமேல் கொண்டுவாருங்கள் என்று கேட்கிறது.

கையில் வரும் காசு

2024 நவம்பர் கடைசியிலிருந்து தமிழ்நாடு முழுக்க நூறு நாள் வேலைக் கூலி நின்றுபோனது. 2025 ஜனவரி 13 அன்று முதலமைச்சர் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் நிலுவை 1,056 கோடி ரூபாய் என்று சொன்னார். மார்ச்சுக்குள் அது நாலாயிரம் கோடியைத் தாண்டியது. அந்தக் கோடிகள் எங்கள் வீடுகளுக்கு வரும்போது சின்னத் தொகைதான்: ஆறு நாள் வேலைக்கு, அப்போதைய கூலி 319 வீதம், 1,914 ரூபாய். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 0.05 சதவீத இழப்பீடு உண்டு என்றது விதி. 1,914 ரூபாய்க்கு அது ஒரு நாளைக்கு 96 பைசா. கூலி வராத மாதங்களில் கடையில் கடன் சொல்லி வாங்கிய சாமானுக்கு நாங்கள் கூடுதலாகக் கொடுத்ததை இதோடு ஒப்பிட வேண்டியதே இல்லை.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நூறு நாள் வேலைச் சட்டத்தையே மாற்றி, புதிய சட்டத்தில் 125 நாள் என்று எழுதியிருக்கிறது. நாள் கூடுவது நல்லதுதான். எங்களுக்கு அதைவிட முக்கியம், கூலி எந்தத் தேதியில் வரும் என்பது. தேதி தெரிந்த கூலியை நம்பி ஒரு மாதச் சாமானை மொத்தமாக வாங்கலாம். தேதி தெரியாத கூலியை நம்பிக் கடன்தான் வாங்க முடியும்.

மரவள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாமையும் தினையும் விளைந்த காடுகளில் குச்சிக்கிழங்கு ஏறியதற்குக் காரணம், சேலம், ராசிபுரம், ஆத்தூர் வட்டாரத்துச் சேகோ ஆலைகள் ரொக்கம் கொடுத்ததுதான். கிழங்கில் எத்தனை பாயிண்ட் மாவு என்று ஆலைக்காரர் பார்த்துச் சொல்வதே விலை. ஜவ்வரிசி விலை இறங்கினால் முதல் அடி மலைமேல் விழுகிறது, ஏனென்றால் லாரி வாடகையும் வெட்டுக்கூலியும் கழித்துத்தான் எங்களுக்குக் கணக்கு. காப்பிக்கு நல்ல விலை வந்ததை மறைக்கவில்லை. பிரேசிலில் மழை பொய்த்து 2025 தொடக்கத்தில் உலகச் சந்தையில் காப்பி உச்சத்துக்குப் போனது, சில வீடுகளில் அது தெரிந்தது. ஆனால் காப்பிச் செடி எல்லார் காட்டிலும் இல்லை. அடுத்தவர் காட்டில் பழம் பறிக்கப் போகிறவருக்குக் கிடைப்பது கூலி மட்டும்.

இந்த நிலையில் எதைக் குறைத்தோம்? பருப்பைக் குறைத்து ரசத்தை நீட்டினோம். தாளிப்பில் எண்ணெயைக் குறைத்தோம். முட்டையைக் குழந்தைகளுக்கு மட்டும் என்று வைத்தோம், பிறகு சத்துணவில்தான் கொடுக்கிறார்களே என்று அதையும் விட்டோம். 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் வருகிறது. அதனால் யாரும் பட்டினி கிடக்கவில்லை என்பதை நன்றியோடு சொல்கிறோம். ஆனால் வெறும் அரிசி வயிற்றை நிரப்பும், ரத்தசோகையைப் போக்காது. அடுப்படியில் முதலில் வெட்டு விழுவது அம்மாக்களின் தட்டில் என்பது எங்கள் ஊர்ச் செவிலியர் அக்காமாருக்குத் தெரியும்.

முதல் கோரிக்கை: ரேஷன் கடை திறந்திருக்க வேண்டும், திறந்த நாளில் எல்லாச் சரக்கும் இருக்க வேண்டும்

எங்களுக்குக் கிடைக்கிற மிகப் பெரிய தள்ளுபடி எந்தக் கடைக்காரரும் தருவதில்லை, அரசு தருகிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியில் பருப்பு நூறைத் தாண்டி வெகுகாலமாகிறது. ஒரு மாதம் இந்த இரண்டும் கைக்கு வராமல் போனால், நாங்கள் எத்தனை கடை ஏறி இறங்கினாலும் அந்த நட்டத்தை ஈடுகட்ட முடியாது. எனவே மளிகைச் செலவைக் குறைக்கும் பேச்சு ரேஷன் கடையில்தான் தொடங்க வேண்டும்.

மலையில் பகுதிநேரக் கடைகள் உண்டு. வாரத்தில் குறித்த நாளில்தான் திறக்கும். அந்த நாளில் அரிசி மட்டும் இருக்கும், பருப்பு அடுத்த தடவை என்பார்கள். அடுத்த தடவை போனால் சர்வர் வேலை செய்யாது, அல்லது சிக்னல் இருக்காது. கிழங்கு தோண்டித் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்காது. மூன்று நடை நடந்து ஒரு கிலோ பருப்பு வாங்கியவள் 30 ரூபாய்க்கு வாங்கினாள் என்று கணக்கு எழுதப்படுகிறது. அவள் இழந்த பகல்களை எந்த ஏட்டிலும் எழுதுவதில்லை.

ஆகவே கேட்கிறோம். ஒவ்வொரு கடைக்கும் திறக்கும் நாளும் நேரமும் மாதத் தொடக்கத்திலேயே பலகையில் எழுதப்பட வேண்டும். அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, கோதுமை எல்லாம் வந்து இறங்கிய பிறகுதான் வழங்கல் தொடங்க வேண்டும், ஒரே நடையில் எல்லாம் கிடைக்க வேண்டும். சரக்கு வரவில்லை என்றால் அந்த மாத ஒதுக்கீடு காலாவதியாகக் கூடாது. இது நடக்காத காரியம் இல்லை. 2024இல் பருப்பும் பாமாயிலும் தட்டுப்பட்டபோது, மே மாதத்துக்கு உரியதை ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசே அறிவித்தது. அப்போது விதிவிலக்காகச் செய்ததை மலைக் கடைகளுக்கு நிரந்தர விதியாக்குங்கள்.

சிக்னல் இல்லாத கடைகளில் கையெழுத்துப் பேரேட்டில் பதிந்து பொருளைக் கொடுத்துவிட்டு, சிக்னல் கிடைக்கும் இடத்தில் பின்னர் ஏற்றிக்கொள்ள ஊழியருக்கு அனுமதி வேண்டும். விற்பனையாளரை நாங்கள் குற்றம் சொல்லவில்லை. ஒருவரே இரண்டு மூன்று கடைகளைப் பார்க்க வேண்டியிருந்தால் அவர்தான் என்ன செய்வார்?

நகரும் ரேஷன் கடை என்ற ஏற்பாடு 2020இலேயே மாநிலத்தில் வந்துவிட்டது. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டு வாசலில் பொருள் கொடுக்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்ட் 12இல் தொடங்கியது. இரண்டையும் இந்த மலையில் தார்ச்சாலை முடிகிற இடத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஜீப் போகும் இடம்வரை ஜீப்பில், அதற்கு மேல் அந்த ஊர் மகளிர் குழுவுக்குச் சுமைக்கூலி கொடுத்து அனுப்புங்கள்.

இரண்டாவது: எங்கள் சாமை எங்களுக்கே கிடைக்க வேண்டும்

2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு ரேஷனில் தரத் தொடங்கினார்கள். கொல்லிமலைக்கும் அந்த உரிமை வேண்டும், கேழ்வரகோடு சாமையும் தினையும் சேர்ந்து. அந்தத் தானியத்தை வேறெங்கும் தேட வேண்டாம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இந்த மலையில் சிறுதானிய விதைகளைக் காக்கவும், விதை வங்கி வைக்கவும், உமி நீக்கும் இயந்திரம் நிறுவவும் உழவர்களோடு வேலை செய்திருக்கிறது. விதையும் இருக்கிறது, விளைவிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். பாட்டி காலத்துச் சாப்பாட்டுக்குத் திரும்புங்கள் என்று கீழேயிருந்து வருபவர்கள் உருகிப் பேசும்போது, அந்தக் காலத்தில் உலக்கை யார் கையில் இருந்தது என்று கேட்கத் தோன்றும். சாமையைக் குத்திப் புடைத்து அரிசியாக்குவது அரை நாள் வேலை. மலையில் சிறுதானியம் குறைந்ததற்கு மரவள்ளியின் ரொக்கமும் ரேஷன் அரிசியும் பாதிக் காரணம் என்றால், அந்தக் கைவேலையிலிருந்து தப்பித்த நிம்மதி மீதிப் பாதி. ஆகையால் நாட்டுக்கு ஒன்றாகப் பதினான்கு இடங்களில் உமி நீக்கும் இயந்திரம் வேண்டும், கெட்டுப்போனால் பழுது பார்க்க ஆள் வேண்டும். இயந்திரம் இல்லாமல் சாமையை மீட்கும் எந்தத் திட்டத்துக்கும் நாங்கள் கையெழுத்துப் போட மாட்டோம்.

விளைகிற சாமையைப் பழங்குடியினர் பெரும் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள், நாங்கள் லாம்ப் என்று சொல்கிற சங்கங்கள், அறுப்பு முடிந்ததும் ரொக்கம் கொடுத்து வாங்க வேண்டும். வாங்கியதில் முதல் பங்கு மலையின் ரேஷன் கடைகளுக்கும் பள்ளிகளின் காலை உணவுக்கும் போக வேண்டும். நகரத்துக் கடைகளில் அழகான பொட்டலத்தில் சாமை அரிசி விற்கும் விலையைப் பார்த்திருக்கிறோம். அந்த விலைக்கு அதை விளைவித்த வீடு திரும்ப வாங்க முடியாது.

மூன்றாவது: மொத்தமாக வாங்கக் கைமாற்று

கோடையை ஒட்டிப் பேளுக்குறிச்சியில் மளிகைச் சந்தை கூடுகிறது. மிளகு, சீரகம், கடுகு, வெந்தயம், மல்லி, சோம்பு, மஞ்சள் என்று ஒரு வருடத்துக்கு வேண்டியதை ஒரே நடையில் வாங்கிப்போக அக்கம்பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். விலை மலிவு, சரக்கு புதிது. அங்கே விற்கும் மிளகில் எங்கள் மலை மிளகும் உண்டு. மலையடியில் இருக்கும் அந்தச் சந்தையில், மலையிலிருந்து இறங்கி வந்து வருடச் சாமான் கட்டிப்போகிறவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள்.

தூரம் மட்டும் காரணமில்லை. மலிவு என்பது ஒரே நேரத்தில் ரொக்கம் எடுத்து வைக்க முடிந்தவருக்குத்தான். வருடத்துக்கு மல்லியும் மிளகாயும் வாங்க ஒருவர் சில ஆயிரங்களோடு வருகிறார். நாங்கள் அதே மிளகாய்த் தூளை ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பாக்கெட்டுகளாக வருடம் முழுக்க வாங்குகிறோம். அந்தப் பாக்கெட் விலை ஏறுவதே இல்லை, உள்ளே இருக்கும் தூள்தான் வருடா வருடம் இளைக்கிறது. கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் காசில்லாதவள் கொடுக்கும் விலைதான் அதிகம். (ஷாம்பூவில் மட்டும் கணக்கு பெரும்பாலும் தலைகீழ்: பெரிய பாட்டிலைவிட ஒரு ரூபாய்ப் பாக்கெட்டில் மில்லிக்கு விலை குறைவு. கம்பெனிக்காரர்கள் எங்களுக்குச் செய்த ஒரே தர்மம் அதுவாகத்தான் இருக்கும்.)

பற்று நோட்டைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. கூலி வராத மாதத்தில் கடையில் பற்று எழுதுகிறோம். பற்று இருக்கும்வரை விலை கேட்க நாக்கு எழாது. கேட்டால், பாக்கியைத் தீர்த்துவிட்டு வேறு கடை பார் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். சில இடங்களில் கடன் கொடுத்தவரே மிளகு, அன்னாசி, பலாவுக்கும் முன்பணம் கொடுக்கிறார். அறுப்பு வந்ததும் விலையை அவரே சொல்கிறார். வாங்கும் விலையும் விற்கும் விலையும் ஒருவர் கையிலேயே இருந்தால் நாலு கடை பார்ப்பது என்ற பேச்சே எழாது. கடைக்கார அண்ணன்மாரிடம் பகையாக இதைச் சொல்லவில்லை. 2020 ஊரடங்கில் பஸ் நின்றபோது எங்கள் அடுப்பு எரிந்தது உங்கள் நோட்டால்தான். உங்களுக்கும் கீழே மொத்த வியாபாரியிடம் பாக்கி உண்டு என்பதையும் அறிவோம்.

எனவே லாம்ப் சங்கங்கள் வழியாக வருடத்துக்கு ஒருமுறை சாமான் கடன் வேண்டும். சந்தை கூடும் காலத்துக்கு முன்னே கொடுத்து, மிளகு அறுப்புக்குப் பிறகு தவணையில் கட்டுகிற மாதிரி, வட்டியில்லாமலோ பெயருக்கு வட்டியோடோ. ஏற்கெனவே நகைக்கடனும் பயிர்க்கடனும் கொடுக்கிற கூட்டுறவுக்கு இது பெரிய தொகை ஆகாது. அதோடு மிளகுக்கும் காப்பிக்கும் பொருளீட்டுக் கடன் வேண்டும். அறுத்த கையோடு விற்றே ஆக வேண்டும் என்ற நெருக்கடி இல்லாவிட்டால், முன்பணக்காரர் சொல்லும் விலைக்கு நாங்கள் தலையாட்ட வேண்டியிருக்காது.

இன்னொன்றை நாங்களே தொடங்குகிறோம், அரசு தோள் கொடுத்தால் போதும். பத்து வீட்டுப் பட்டியலை ஒருத்தி எடுத்துப் போனால் மேலே சொன்ன 60 ரூபாய் 600 ஆகிறது. அவளுடைய கூலியையும் பஸ் சார்ஜையும் அதிலிருந்தே கொடுத்துவிடலாம். ஐம்பது வீடு சேர்ந்தால் குட்டியானை வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து மூட்டைக் கணக்கில் இறக்கலாம். திருவல்லிக்கேணியில் 1904இல் தொடங்கிய நகரக் கூட்டுறவுச் சங்கம் இந்த யோசனையில் பிறந்ததுதான். அதற்கும் முன்னால் 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் என்ற ஊரில் நெசவாளர்கள் சேர்ந்து, மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் கலப்படமில்லாமல் நியாய விலைக்கு விற்க ஒரு சின்னக் கடை வைத்தார்கள். அவர்களுக்கும் கூலி போதவில்லை. எங்கள் குழுக்களுக்கு வேண்டியது மூன்று: மூட்டை இறக்கி வைக்க ஊராட்சிக் கட்டடத்தில் ஒரு அறை, முத்திரையிட்ட ஒரு தராசு, முதல் கொள்முதலுக்குச் சுழல்நிதி.

பொட்டலம் போடாத உதிரிச் சரக்காகவே எங்களுக்குக் கொடுங்கள் என்றும் கேட்கிறோம். 2022 ஜூலை 18 முதல், பெயரும் அளவும் அச்சிட்ட 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கும் பருப்புக்கும் மாவுக்கும் ஐந்து சதவீத ஜிஎஸ்டி உண்டு, உதிரியாக வாங்கினால் கிடையாது. கூட்டுறவுக் கடைகளே பொட்டலம் கட்டி விற்று அந்த வரியை எங்கள் தலையில் ஏற்ற வேண்டாம்.

நான்காவது: விலைப் பலகை

நாமக்கல் முட்டைக்குத் தினமும் விலை அறிவிக்கிறார்கள். இன்றைய விலை இவ்வளவு, நேற்றைக்கு இவ்வளவு, ஐந்து பைசா கூடியது என்று செய்தித்தாளிலும் டிவியிலும் வருகிறது. அதனால் இந்த மாவட்டத்தில் எந்த மூலையிலும் முட்டை விலையில் யாரும் யாரையும் பெரிதாக ஏமாற்ற முடியாது. மலைக்குக் கொண்டுவரும் செலவு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதாவது வாங்குகிறவளுக்குத் தெரிகிறது. உழவர் சந்தைகளிலும் 1999 முதல் காய்கறிக்குத் தினசரி விலை எழுதிப் போடும் வழக்கம் இருக்கிறது. முட்டைக்கும் கத்தரிக்காய்க்கும் முடிந்தது பருப்புக்கும் எண்ணெய்க்கும் ஏன் முடியாது?

செம்மேடு, சோளக்காடு மற்றும் மலையின் எல்லா வாரச்சந்தைகளிலும், ரேஷன் கடைச் சுவர்களிலும் ஒரு பலகை வைக்க வேண்டும். துவரம் பருப்பு, உளுந்து, பாசிப்பயறு, கடலை எண்ணெய், பாமாயில், சர்க்கரை, வெல்லம், புளி, மிளகாய், மல்லி, பூண்டு, சின்ன வெங்காயம் போன்ற அன்றாடப் பொருட்களுக்கு ராசிபுரம், நாமக்கல் சில்லறை விலையை வாரம் ஒருமுறை அதில் எழுத வேண்டும். பக்கத்திலேயே மிளகு, காப்பி, மரவள்ளி, அன்னாசி, பலாவுக்குக் கீழே என்ன விலை என்பதும் வர வேண்டும். எழுதும் பொறுப்பை மகளிர் குழுவுக்கே கொடுங்கள். விலையைத் துறை போனில் சொன்னால் சாக்கட்டிச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

மலையேற்றும் செலவைக் கடைக்காரர் சேர்த்துக்கொள்வதை எதிர்க்கவில்லை. டீசலும் சுமைக்கூலியும் அவர் கைக்காசுதான். ஆனால் அது கிலோவுக்கு எவ்வளவு என்பது தெரிந்தால்தான் பேரம் பேச முடியும். அச்சிட்ட உச்ச விலைக்கு மேல் ஒரு பைசா கேட்க மலை ஒரு சாக்கு ஆகாது, சட்டம் அதை அனுமதிக்கவில்லை.

சமையல் எண்ணெயில் நடந்ததைச் சொல்கிறோம். 2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு இறக்குமதி வரியை ஏற்றியது. 2025 மே கடைசியில் கச்சா சமையல் எண்ணெய்க்கான அடிப்படை வரியை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தது. ஏற்றம் எங்கள் கடைகளுக்குத் தாமதமில்லாமல் வந்து சேர்ந்தது. இறக்கம் மட்டும் பழைய சரக்கு தீரட்டும் என்று மலையடியில் உட்கார்ந்திருந்தது. 2025 செப்டம்பர் 22இல் சோப்பு, பற்பசை, ஷாம்பூவுக்கு ஜிஎஸ்டி 18இலிருந்து 5 சதவீதமானபோதும் அப்படித்தான். வரி குறையும்போதெல்லாம் ஒரு மாதத்துக்குள் மலைக் கடைகளைப் பார்வையிட்டு, புதிய விலை வந்திருக்கிறதா என்று பதிவு செய்ய வேண்டும்.

ஐந்தாவது: தராசு

தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர்கள் மலையேறி வர வேண்டும், அறிவிக்காமலும் வர வேண்டும். எங்களிடமிருந்து மிளகு வாங்கும் தராசையும் எங்களுக்குச் சர்க்கரை விற்கும் தராசையும் ஒரே நாளில் சோதிக்க வேண்டும். வாங்கும்போது ஒரு எடை, விற்கும்போது ஒரு எடை என்ற பேச்சு இந்த மலையில் பழைய பேச்சு. சந்தை நாளில் பொதுத் தராசு ஒன்று ஊராட்சிப் பொறுப்பில் நடுவில் நிற்க வேண்டும், யார் வேண்டுமானாலும் எடை போட்டுப் பார்த்துக்கொள்ள. படி, டம்ளர் அளவில் விற்கும் கடைகள் கிலோ விலையையும் எழுதி வைக்கட்டும்.

ஆறாவது: பஸ்

பெண்களுக்குக் கட்டணமில்லாத மகளிர் விடியல் பயணம் 2021 மே 8இல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் தொடங்கியது. 2024 பட்ஜெட்டில் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மலைகளுக்கு அதை விரிப்பதாக அறிவித்தார்கள். கொல்லிமலைக்கு ஏறி இறங்கும் ஒவ்வொரு அரசுப் பேருந்திலும், அது எந்தப் பலகை மாட்டியிருந்தாலும், அந்தச் சலுகை எங்களுக்குத் தடையில்லாமல் கிடைக்க வேண்டும். கைச்சுமையாகக் கொண்டுவரும் ஒரு மூட்டைச் சாமானுக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்கக் கூடாது. சந்தை நாளில் காலையில் இறங்கும் வண்டி சாயங்காலம் இருட்டுமுன் திரும்ப வேண்டும், அந்த நேரப் பட்டியலை எங்களைக் கேட்டு எழுத வேண்டும். முள்ளுக்குறிச்சிப் பக்கமாக இறங்கும் சாலையை ஒட்டிய நாடுகளுக்கும் இதே ஏற்பாடு வேண்டும். அவர்களுக்கு ராசிபுரம் சந்தைதான் கிட்டே.

ஏழாவது: உரிமைத் தொகை

மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் 2023 செப்டம்பர் முதல் வருகிறது. தேதி தவறாத ஒரே வருமானம் எங்களில் பலருக்கு அதுதான். அதை எடுக்க ஏடிஎம் தேடிப் போகிற செலவு இன்னொரு கதை. மலையில் வங்கி முகவர்கள் சந்தை நாட்களில் சந்தையிலேயே உட்கார வேண்டும், ஆயிரம் எடுக்கக் கமிஷன் பிடிக்கக் கூடாது. அந்தப் பணத்தைக் கடன் பாக்கியில் கழித்துக்கொள்ள எந்த வங்கிக்கும் அனுமதி கூடாது.

எங்கள் தரப்பில் நாங்கள் ஒப்புக்கொள்வன: சாமான் கடனைக் குழுப் பொறுப்பில் திருப்பிக் கட்டுவோம். பொதுக் கொள்முதலில் வரவு செலவை எல்லார் முன்னிலையிலும் படிப்போம். பற்று எழுதுகிற கடையில் சீட்டில் விலை எழுதிக் கேட்போம், வெட்கப்பட மாட்டோம். நியாயமான விலைக்கு விற்கும் கடைக்காரரை விட்டு ஐந்து காசுக்காக ஓட மாட்டோம். அவர் கடையும் இந்த மலையில் இருக்க வேண்டும்.

இந்தச் சாசனத்தின் ஒவ்வொரு கோரிக்கைக்கும் எந்தத் துறை, எந்தத் தேதிக்குள், எவ்வளவு நிதி என்று எழுத்தில் பதில் வேண்டும். ஆகும், ஆகாது என்பதோடு ஆகாததற்குக் காரணத்தையும் எழுதுங்கள். பதிலைப் பதினான்கு ஊராட்சி அலுவலகச் சுவர்களிலும் ஒட்டி, அடுத்து வரும் கிராமசபையில் வாசிக்க வேண்டும். அன்றைக்கு அந்தந்த ஊர் ரேஷன் கடையின் சரக்குப் பேரேடும் மேசையில் இருக்கட்டும், கணக்குத் தெரிந்த பிள்ளைகளை நாங்கள் கூட்டி வருகிறோம்.